தொழுநோய் என்று உரக்கச் சொன்ன நானாவுக்கு

நானா,

இன்று காலை வானொலிக் கலையகத்தில் ஒலிவாங்கியின் பழைய பஞ்சு உறையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார்கள். கழற்றி மேசையில் போட்டிருந்ததை எடுத்து முகர்ந்து பார்த்தேன். கராம்பு மணந்தது. வாசிக்கப் போகுமுன் தொண்டை கட்டாமல் இருக்க நீங்கள் ஒரு கராம்பை வாயில் அடக்கிக்கொள்வீர்கள். நீங்கள் போய் ஒரு பெருநாளும் கழிந்துவிட்டது. அந்த மணம் மட்டும் போகாமல் உறைக்குள் பதுங்கி இருந்திருக்கிறது.

"பழசுதானே மிஸ், குப்பையில போடவா?" என்று கேட்டார் புதிதாக வந்திருக்கும் தொழில்நுட்பவியலாளர்.

"போடுங்க" என்றேன். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரிக்குள் பூட்டி வைத்து அழுகிறவளாக நான் இருந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் மணம் மூக்கைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் நிகழ்ச்சி முடிந்தும் வீட்டுக்குப் புறப்படாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கலகெதரச் சந்தியில் மிளகும் கராம்பும் பாக்கும் வாங்கி விற்கிற கடை, ஊரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற உங்களுடையது. காலையில் மட்டும் பஸ் ஏறிக் கண்டிக்கு வந்து, எங்கள் சின்ன வானொலியில் மரண அறிவித்தல் வாசித்துவிட்டுக் கடை திறக்கத் திரும்பிப் போவீர்கள். இறந்தவர் எந்த மதத்தவராக இருந்தாலும், எந்தத் தோட்டத்திலோ எந்தத் தெருவிலோ வாழ்ந்தவராக இருந்தாலும், உங்கள் குரலில் கேட்டால்தான் ஊர் நம்பும். வாசிக்குமுன் உறவினர்களைத் தொலைபேசியில் அழைத்து ஒவ்வொரு பெயரையும் எப்படி உச்சரிப்பது என்று கேட்பீர்கள். எதற்கு இத்தனை சிரமம் என்று ஒருமுறை கேட்டேன். "மவுத்தானவர்ட பேரு ரேடியோல ஒருக்காத்தான் வரும் தங்கச்சி. அதப் பிழையா வாசிச்சா, மறுகா அவருக்கு இன்னொரு நாள் இல்ல" என்றீர்கள்.

நம் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையில் அந்தக் காலை நினைவிருக்கிறதா? அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய கேத்தலைத் துணியில்லாமல் பிடித்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றினீர்கள். பேசிக்கொண்டே ஊற்றினீர்கள். விரல்களிலிருந்து தோல் வதங்குகிற வாடை எனக்கு வந்தது, உங்களுக்கு வரவில்லை.

"நானா, கை சுடலையா?"

"எங்க?" என்று கையைத் திருப்பிப் பார்த்தீர்கள். கொப்புளம் கிளம்பியிருந்தது. "சூடு தெரியல்லயே" என்றீர்கள், ஏதோ பகிடி போல. சீனி வருத்தமாக, நீரிழிவாக இருக்கும் என்று நீங்களே தீர்ப்பும் சொல்லிக்கொண்டீர்கள். முழங்கைக்குக் கீழே வெளிறிய ஒரு படை இருந்ததையும், அது வந்து வெகு காலம் ஆகிவிட்டதையும், காயத்துக்கு மருந்து போட ஆஸ்பத்திரிக்கு உங்களைக் கூட்டிப்போனபோதுதான் நான் கண்டேன்.

காயத்தைப் பார்த்தவர்கள் எங்களைத் தோல் நோய்க் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பெண் மருத்துவர் உங்களைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சுத் துணுக்கால் தொடுவேன், தொட்ட இடத்தை விரலால் காட்டுங்கள் என்றார். நீங்கள் கண்ணை மூடி, நல்ல மாணவனைப் போல விரலை நீட்டிக் காத்திருந்தீர்கள். நேரம் போனது. "எப்ப தொடங்குவீங்க டொக்டர்?" என்று கேட்டீர்கள்.

"தொட்டு முடிந்துவிட்டது" என்றார் அவர்.

நீங்கள் கண்ணைத் திறந்த விதம் இன்றும் எனக்குள் இருக்கிறது.

தொழுநோய் என்று அவர் நேராகச் சொன்னார். ஒரு கிருமியால் வருவது, மாத்திரைக்குக் கட்டுப்படுவது, மருந்தை இந்தக் கிளினிக்கிலேயே இலவசமாகத் தருவோம், தொடர்ந்து எடுத்தால் குணமாகும், எடுக்கத் தொடங்கியதுமே மற்றவர்களுக்குத் தொற்றுகிற பேச்சுக்கு இடமில்லாமல் போய்விடும் என்று பொறுமையாக விளக்கினார். இன்னும் தாமதித்திருந்தால் விரல்கள் மடங்கியிருக்கும், மடங்கியதை மாத்திரை நிமிர்த்தாது என்றும் சொன்னார். பஸ் நிலையம்வரை நடந்தோம். பஸ் ஏறும்போதுதான், "மதினிக்கு நானே செல்றன், நீங்க ஒண்டும் செல்ல வாணாம்" என்றீர்கள்.

நீங்கள் சொன்னபோது உங்கள் மனைவி, என் மதினி, அழவில்லையாம். ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தாராம். "மருந்த எடுங்க. சுகமாகட்டும். ஆனா ஊருக்குத் தெரிய வாணாம். தெரிஞ்சா யாரு நம்ம கடைக்கு வருவாங்க, யாரு நம்ம வீட்டுல தண்ணி குடிப்பாங்க?" நீங்கள் அதற்கு உடன்பட்டீர்கள். மாத்திரையால் உங்கள் நிறம் கறுத்தபோது வெயில் என்று சொல்லிச் சமாளித்தீர்கள். வானொலிக்காரர் என்பதால் நேயர்களுக்கு உங்கள் முகம் தெரியாது, அதுவும் வசதியாகப் போயிற்று. மருந்து முடிந்தது. இனி வரவேண்டாம், குணமாகிவிட்டது என்று மருத்துவர் கைகொடுத்து அனுப்பினார். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். எத்தனையோ பேருடைய கதை அங்கேதான் முடிகிறது, ஒருவருக்கும் தெரியாமல்.

வானொலிக்கு அந்தப் பெண்ணின் அழைப்பு வராமல் இருந்திருந்தால் உங்களுடையதும் அப்படித்தான்.

உங்கள் அறிவித்தலுக்கு முன்னால் என்னுடைய சுகாதார நிகழ்ச்சி போகும். மருத்துவர் ஒருவர் வந்து நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். அன்று வந்த குரல் தேயிலைத் தோட்டத்துக் குரல், என் ஊர்ப்பக்கத்துக் குரல்.

"வணக்கம்ங்க. கையில தேமல் மாதிரி வெளுத்துப் போயிருக்குங்க. கொழுந்து எடுக்கையில முள்ளு குத்துனாக்கூடத் தெரிய மாட்டேங்குது. வீட்டுல எனக்குத் தட்டு, கப்பு எல்லாம் தனியா வச்சிட்டாங்க. அடுப்புப் பக்கம் வரக்கூடாதுங்கிறாங்க. இது அந்த வியாதிங்களா?"

மருத்துவர் ஒலிவாங்கிக்கு அருகில் குனிந்து, "அம்மா, இது தொழு" என்று தொடங்கினார். அவ்வளவுதான். அழைப்பு அறுந்தது. பாட்டு விழுந்தது. முகாமையாளர் தன் அறையிலிருந்த சுவிட்சைத் தட்டியிருந்தார்.

நான் கலையகத்திலிருந்து பாய்ந்து வெளியே வந்தேன். அவர் கோபப்படவில்லை. யாழ்ப்பாணத்துக்காரருக்கே உரிய நிதானத்தோடு, "சனம் காலமைச் சாப்பாட்டில இருக்கிற நேரம் பிள்ளை. உந்தச் சொல்லைக் கேட்டா வேற அலைவரிசைக்குப் போயிடுவினம். தோல் வருத்தம் எண்டு பொதுவாச் சொல்லலாம்தானே" என்றார்.

"அந்தப் பொண்ணு யாரு, எந்தத் தோட்டம்னுகூட நாங்க கேக்கல சார்."

"ஆஸ்பத்திரி இருக்குது, போவினம்."

நீங்கள் நடைபாதையில் மரண அறிவித்தல் தாள்களோடு நின்றிருந்தீர்கள். "பேரு செல்லாத நோய்க்கு மருந்தெடுக்க யாரு வருவாங்க சேர்?" என்று கேட்டீர்கள். உரத்துக் கேட்கவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. கலையகத்துக்குள் போய்க் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. தாள்களை ஒதுக்கி வைத்தீர்கள்.

"அன்பான நேயர்களே, வழமையாக இந்த நேரத்தில் இறந்தவர்களைப் பற்றி அறிவிப்பேன். இன்று முதலில், உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றி அறிவிக்கிறேன். கலகெதரையில் மிளகுக் கடை வைத்திருக்கும் எனக்குத் தொழுநோய் வந்தது. தொழுநோய். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக மருந்து எடுத்தேன். குணமாகிவிட்டேன். சற்று முன்னர் பேசிய சகோதரியே, உங்கள் அழைப்பு தானாக அறுந்துபோகவில்லை. அதை அறுத்தது எங்கள் நிலையம். திரும்பவும் எடுங்கள். நீங்கள் எடுக்கும்வரை ஒவ்வொரு காலையும் இப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பேன்."

கட்டுப்பாட்டு மேசையில் நான் இருந்தேன். முகாமையாளர் அறையிலிருந்து வரும் உள்தொடர்பு விளக்கு விடாமல் மின்னியது. நான் அதைப் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்தேன், உங்கள் ஒலியை நிறுத்தவில்லை. மரண அறிவித்தலை இடையில் நிறுத்துவதில்லை என்பது எங்கள் நிலையத்தின் எழுதப்படாத சட்டம். அதை அவரும் மீறத் துணியவில்லை. அந்த நேரத்தை நீங்கள் தெரிந்தேதான் எடுத்தீர்கள். சொல்லி முடித்துவிட்டு, அதே குரலில், அன்றைய இறந்தவர்களின் பெயர்களை ஒன்றும் பிசகாமல் வாசித்தீர்கள்.

அன்று முழுக்கத் தொலைபேசி ஓயவில்லை. ஒருவர், "அந்த வாயால எங்கட வாப்பாட மவுத்த வாசிக்க வாணாம்" என்று சொல்லி, தான் கொடுத்திருந்த அறிவித்தலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். உங்களுக்கு வலித்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இன்னும் சிலர் பெயர் சொல்லாமல், ஏறக்குறைய மூச்சாகவே, கிளினிக் எந்தக் கிழமை என்று கேட்டார்கள்.

மறுநாள் காலை முகாமையாளர் படிக்கட்டிலேயே நின்றார். "இண்டைக்கும் சொல்லப் போறியளோ?"

"அந்தப் புள்ள எடுக்கிற வரைக்கும் செல்லுவன்."

"போன் ஓயேல்ல. சரி, சொல்லுங்கோ. ஆனா என்ர பேரை உதுக்குள்ள இழுக்காதையுங்கோ" என்று அவர் விலகி வழிவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தச் சுவிட்சைத் தொடவில்லை.

நீங்கள் சொன்னபடியே சொன்னீர்கள். ஒவ்வொரு காலையும், இறந்தவர்களுக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு. அவள் எடுக்கவில்லை. அதற்குள் ஊர் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் உங்கள் கையில் வாங்காமல், மேசையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு அந்தக் கலியாணம். நீங்கள் இதை என்னிடம் சொன்னதே இல்லை, மதினிதான் சொன்னார். உறவுக்காரர் வீட்டு வலீமா விருந்து. சோறும் இறைச்சியும் குவித்த பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து ஒன்றாக உண்ணுகிற சஹன் சாப்பாடு. நீங்கள் ஒரு சஹன் முன் உட்கார்ந்தீர்கள். உட்காரப் போனவர்கள் வேறு சஹனைத் தேடிப்போனார்கள். ஒருவரும் ஏசவில்லை, ஒருவரும் எழும்பு என்று சொல்லவில்லை. ஆறு பேருடைய தட்டுக்கு முன்னால் உங்களை மட்டும் விட்டுவிட்டார்கள். நீங்கள் எழும்பவில்லை. கையைக் கழுவி, பிஸ்மி சொல்லிச் சாப்பிடத் தொடங்கினீர்கள்.

பெண்கள் பக்கத்துத் திரை இடுக்கு வழியாக மதினி இதைப் பார்த்திருக்கிறார். ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று உங்களிடம் மன்றாடிய அதே மதினி. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, திரையை விலக்கி, ஆண்கள் பக்கம் நடந்து வந்து உங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். பந்தல் அப்படியே நின்றுவிட்டதாம். "அவர் என்ன செல்லினார் தெரியுமா?" என்று மதினி என்னிடம் கேட்டார். "தின்னுங்க, ஆறு பேர்ட எறச்சியும் நம்மளுக்குத்தான் எண்டார். நான் சிரிச்சிட்டன். அண்டைக்கு எனக்குப் பயம் விட்டுப் போச்சு." அந்தச் சஹனில் மூன்றாவதாக யாராவது வந்து உட்கார்ந்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றார்.

அதற்குப் பிறகுதான் அந்த அழைப்பு வந்தது. நாவலப்பிட்டி டவுனில் ஒரு கடையிலிருந்து.

"நான்தாங்க. நீங்க வெட்டிவிட்ட பொம்பள."

ஏன் இத்தனை நாள் எடுக்கவில்லை என்று கேட்டேன். வீட்டில் ரேடியோவை மாமியார் நிறுத்திவிட்டதாகவும், கொழுந்து மலையில் மற்றப் பெண்கள்தான், 'ஒன்னையத்தான் அந்த நானா தெனமும் கூப்பிடுறாரு' என்று சொன்னதாகவும் சொன்னாள். தோட்டத்தின் பெயரைத் தந்தாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரயிலில் நாவலப்பிட்டிக்கு வந்தீர்கள். என் ஊர் என்பதால் நான் நிலையத்தில் காத்திருந்து உங்களை ஆட்டோவில் அழைத்துப் போனேன்.

அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் மாமியார் நின்றார். கணவன் உள்ளே தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். அந்தப் பெண் அவர்களிடமிருந்து எட்டி, சுவரோடு சாய்ந்து நின்றாள். எங்களுக்கு மட்டும் கண்ணாடிக் கிளாஸில் தேத்தண்ணி வந்தது. நீங்கள் வாங்கவில்லை.

"அந்தப் புள்ளட கப்புல ஊத்தித் தாங்க."

"அது வேணாங்க, அது அவளோடது" என்றார் மாமியார் பதறி.

"எனக்கும் அந்த நோய் வந்துதான் சுகமான. குடிக்கிற கப்பால வாற நோயில்ல இது. நானும் கப்பு ஒதுக்கிறதப் பாத்தவன்தான். தாங்க."

அந்தப் பெண்ணே போய்த் தன் தகரக் கப்பை எடுத்து வந்தாள். நீங்கள் அதில் குடித்தீர்கள், அவசரப்படாமல், அடி தெரியும்வரை. அன்றே மாமியார் மனம் மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் கணவன் உள்ளேயிருந்து எழும்பி வந்து, "எந்த ஆஸ்பத்திரிங்க, எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டான்.

அவளுடைய சுண்டு விரல் ஒன்று மடங்கினது மடங்கினதுதான். மற்ற விரல்கள் தப்பின. இன்றும் கொழுந்து எடுக்கிறாள். முகாமையாளர் தொழுநோய் பற்றி வாராந்தம் ஒரு நேரம் தர முன்வந்து, நிகழ்ச்சிக்கு வேறு ஏதாவது அழகான பெயர் வைக்கலாமா என்று கேட்டபோது, "பேரு செல்லாத நிகழ்ச்சி எனக்கு வாணாம் சேர்" என்று எழும்பியே விட்டீர்கள். கடைசியில் உங்கள் விருப்பம்தான் நடந்தது. உங்கள் பக்கத்தில் அவளையும் உட்கார வைத்தீர்கள். "எப்படிப் பேசணும்ங்க?" என்று அவள் நடுங்கியபோது, "வீட்டுல பேசுற மாதிரி" என்றீர்கள். அவள் அப்படித்தான் பேசினாள். மலைநாட்டின் எந்த மூலையிலிருந்தோ வந்தவர்கள் கிளினிக் வாசலில் நின்று, ரேடியோவில் அந்த நானாவும் அந்தப் பொம்பளையும் சொன்னார்கள் என்று சொல்வதாகத் தாதி ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். யாருக்கும் வேண்டாத ஒரு நோயை நீங்கள் இருவரும் வீடுகளுக்குள் கொண்டுபோய், அடுப்படியில் வைத்துப் பேசவைத்தீர்கள்.

பிறகு ஒரு நாள் நீங்கள் கடையில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். மாரடைப்பு. ஜனாஸா அடக்கத்துக்கு வரும் வழியில், கட்டுகஸ்தோட்டையில் நான் ஏறிய ஆட்டோக்காரர், யார் வீட்டுக்குப் போகிறேன் என்று தெரிந்ததும், "அந்த நோயிலதானே மவுத்தான?" என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, சும்மா கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நிறுத்தச் சொல்லி இறங்கினேன். இறங்கியபின் திரும்பவும் ஏறி உட்கார்ந்து, கலகெதரவரை அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வந்தேன். நீங்களாக இருந்தால் இறங்கியிருக்கவே மாட்டீர்கள் என்று பாதியில்தான் உறைத்தது.

உங்கள் வீட்டில் யாரோ ஒரு பெரியவர், அறிவித்தலில் பழைய விடயம் ஒன்றும் வேண்டாம், குடும்பத்துக்கு நல்லதில்லை என்றார். மதினி என் கையைப் பிடித்தார். "அவர் மறைக்கல்லயே. மவுத்தான பொறகு நாங்க என்னத்துக்கு மறைக்கிற? முழுசா வாசிங்க" என்றார். முகாமையாளரிடம் எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாசியுங்கோ பிள்ளை. ஒண்டும் வெட்டாமல்" என்றார்.

வாசித்தேன். கலகெதரையைச் சேர்ந்த வியாபாரியும் வானொலி அறிவிப்பாளரும், தொழுநோயிலிருந்து முற்றாகக் குணமடைந்து, பலரைக் குணமடையச் செய்தவருமான நீங்கள், மாரடைப்பால் காலமானீர்கள் என்று. குரல் உடையவில்லை நானா. உடைய விடவில்லை. உங்கள் பெயரும் வானொலியில் ஒருமுறைதானே வரும்.

இப்போது நிகழ்ச்சியை நிறுத்தலாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அந்த நோயெல்லாம் நாட்டில் ஒழிந்து எவ்வளவு காலம், இன்னும் எதற்கு என்கிறார்கள். ஒழிந்தது நோய் இல்லை, அதைப் பற்றிய பேச்சுத்தான் என்று கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னேன். நிறுத்தினால் மரண அறிவித்தலுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து நானே சொல்வேன் என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அந்த ஒலிவாங்கிக்கு முன்னால் மனிதர் என்ன செய்யக்கூடும் என்று அவர்களுக்குத் தெரியும். உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தப் பிடிவாதம்தான். கூடவே காத்திருக்கவும் பழகியிருக்கிறேன்.

இன்றைய நிகழ்ச்சியில் கடுகண்ணாவையிலிருந்து ஒருவர் எடுத்தார். ஆசிரியராம். கையில் ஒரு படை, தொட்டால் தெரியவில்லை, கரும்பலகையில் எழுதச் சோக்குப் பிடித்தால் நழுவுகிறது என்றார். "எனக்கு என்னமோ ஒரு, என்ன சொல்றது, ஒரு மாதிரி வருத்தம் வந்திருக்குன்னு நெனக்கிறேன். என் பேர மட்டும் கேட்காதீங்க மிஸ்."

"உங்க பேர் வேணாம் சார். வருத்தத்தோட பேரச் சொல்லுங்க."

மறுமுனையில் சத்தமில்லை. வானொலியில் மௌனம் பெருங்குற்றம் என்று எங்களுக்குப் பயிற்சியின் முதல் நாளே சொல்லித் தந்திருக்கிறார்கள். நான் அவருக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. வேறு அழைப்புக்கும் போகவில்லை. கண்டியும் கம்பளையும் நாவலப்பிட்டியும் காலைச் சாப்பாட்டில் கையை நிறுத்திக் காத்திருக்கட்டும் என்று விட்டேன். அவர் மூச்சு விடுவது கேட்டது.

பிறகு சொன்னார், நானா. முழுச் சொல்லையும், ஊர் கேட்க, அவரே சொன்னார். நாளைக் காலை கிளினிக் வாசலில் அவருக்காக நான் நிற்பேன்.

உங்கள் தங்கச்சி